கடலடி எண்ணெய்ப் பாறைகளில் முதுநிலை ஆய்வு: நியூஃபவுண்ட்லாந்தில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கனடாவின் கிழக்கு முனையிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகருக்கு, கடலடி எண்ணெய் வயல்களின் தேக்கப் பாறைகளைப் பற்றி முதுநிலை ஆய்வு செய்ய வந்தபோது எனக்கு நிலவியல் ஓரளவு தெரியும். விரல் அளவு பாறைத் துண்டு ஒன்றைக் கையில் வாங்க எத்தனை தாள்கள் நகர வேண்டும் என்பதுதான் தெரியாது. இரண்டு ஆண்டுப் படிப்பில் ஏறத்தாழ ஐந்து மாதங்களை அந்த அறியாமைக்குக் கொடுத்தேன். அவற்றில் ஒரு மாதம்கூடப் பாறையின் கடினத்தால் வீணாகவில்லை. எல்லாமே வரிசை தவறியதால் வந்த இழப்பு. எனவே எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதையே இங்கே முதன்மையாகச் சொல்கிறேன்.

1. ஆய்வுக் கேள்விக்கு முன் கோர் பட்டியலை எடுங்கள்

துளையிடும்போது உருளை வடிவில் வெட்டி மேலே எடுக்கப்படும் பாறையை இங்கே எல்லோரும் கோர் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். புதிதாக வருவோர் பெரும்பாலும் செய்யும் தவறு, ஊரில் இருக்கும்போதே கட்டுரைகளைப் படித்து அழகான ஒரு கேள்வியை உருவாக்கி, அதற்குரிய கோர் எங்காவது இருக்கும் என்று நம்பிவிடுவதாகும். நானும் அதையே செய்தேன். நான் எழுதிய முதல் ஆய்வுத் திட்டம் நெறியாளருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதற்கு இன்றியமையாத கிணற்றின் தரவு அப்போது வெளியிடப்படும் நிலையில் இல்லை. இரண்டாவதாகத் தேர்ந்த கிணற்றில், எனக்கு வேண்டிய மணற்கல் அடுக்கில் கோரே எடுக்கப்பட்டிருக்கவில்லை.

முதலில் எங்கே என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். ழான் டார்க் படுகையில் உற்பத்தி தொடங்கிய வயல்கள் நான்கு: ஹைபர்னியா (1997), டெர்ரா நோவா (2002), வைட் ரோஸ் (2005), ஹீப்ரான் (2017). ஹைபர்னியா வயல், செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 315 கிலோமீட்டர் தொலைவில், 80 மீட்டர் ஆழக் கடலில் உள்ளது. அங்கே ஹைபர்னியா அடுக்கும், அதற்கு மேலுள்ள பென் நெவிஸ்–அவலான் அடுக்குகளும் தேக்கப் பாறைகள். இவை கிரெட்டேசியஸ் காலத்தவை. டெர்ரா நோவாவில் ஜுராசிக் இறுதிக் காலத்து ழான் டார்க் அடுக்கு. வைட் ரோஸிலும் ஹீப்ரானிலும் முதன்மையாகப் பென் நெவிஸ். எல்லாவற்றுக்கும் எண்ணெய் தந்த மூலப்பாறை எக்ரெட் படிவு என்பதால், மூலப்பாறை பற்றிய ஆய்வுக்கு அந்தப் பெயரையே தேட வேண்டும். இன்னும் கிழக்கே, ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழக் கடலில் ஃபிளெமிஷ் பாஸ் படுகை இருக்கிறது. 2013இல் அறிவிக்கப்பட்ட பே டு நார்ட் கண்டுபிடிப்பு அங்கேதான். புதியவர்களின் கண் முதலில் அங்கே போகும். கிணறுகள் குறைவு, கோர் அதைவிடக் குறைவு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பட்டியலைத் தொகுக்க இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, கனடா நிலவியல் அளவைத் துறையின் அட்லாண்டிக் பிரிவு நடத்தும் பேசின் என்னும் இணையத் தரவுத்தளம், கட்டணம் இல்லை. மற்றொன்று, கடல்சார் எரிசக்தியை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் கிணற்று அட்டவணை. இந்த அமைப்பு 2025 வரை பெட்ரோலிய வாரியம் என்ற பெயரில் இயங்கியது. பழைய ஆய்வேடுகளும் அறிக்கைகளும் பழைய பெயரிலேயே இருப்பதால் இரண்டு பெயர்களையும் தேடுங்கள்.

ஒரு விரிதாளைத் திறந்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் கோரின் மேல் ஆழம், கீழ் ஆழம், உண்மையில் மீட்கப்பட்ட நீளம், ஏற்கெனவே உள்ள (நுண்ணோக்கியில் பார்க்கப் பாறையை மெல்லியதாகத் தேய்த்து எடுத்த தகடுகளான) தின் செக்‌ஷன்கள், நுண்துளைமை–ஊடுருவுதிறன் அளவீடுகள், தரவு வெளியான தேதி ஆகியவற்றை நிரப்புங்கள். இதற்கு இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரம் கழித்து எழுதும் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு விடை காண முடியும்.

2. கிணற்றின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இது சிறு விஷயம் போலத் தெரியும். நான் ஒரு வாரம் தவறான கிணற்றின் லாக் பதிவை (கிணற்றுக்குள் கருவியை இறக்கிப் பாறையின் பண்புகளை ஆழவாரியாக அளந்த பதிவை) வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் இதற்குத் தனித் தலைப்பு தருகிறேன்.

ஹைபர்னியா பி-15 என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடற்பரப்பு, அட்சரேகையில் 10 நிமிடமும் தீர்க்கரேகையில் 15 நிமிடமும் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் 100 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் ஏ முதல் பி வரை, அதாவது ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்திலிருந்து பதினாறாம் எழுத்து வரை, 16 அலகுகள். எனவே இந்தப் பெயருக்குப் பொருள், 15ஆம் பிரிவின் பதினாறாவது அலகு என்பதுதான். ஒரு பிரிவு இங்கே ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் அகலம் என்பதால், பெயரைப் பார்த்தே இரண்டு கிணறுகள் அருகருகே உள்ளனவா என்று ஊகிக்கலாம். ஆனால் அதே எழுத்தும் எண்ணும் அடுத்த கட்டத்திலும் வரும். ஆகவே முன்னால் உள்ள வயல் பெயரை விட்டுவிட்டு எழுத்தையும் எண்ணையும் மட்டும் தேடக் கூடாது.

அடுத்த பொறி உற்பத்திக் கிணறுகளில் இருக்கிறது. ஹைபர்னியா எண்ணெய் மேடையிலிருந்து துளையிடப்பட்ட கிணறுகள் எல்லாம் பி-16 (இங்கே பி என்பது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து) என்று தொடங்கி, அதன்பின் ஒரு வரிசை எண்ணைக் கொண்டிருக்கும். பி-16 என்பது மேடை நிற்கும் இடம். கிணற்றின் அடிப்பகுதி அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். பெயரின் இறுதியில் இசட் என்ற எழுத்து இருந்தால், அது அதே கிணற்றிலிருந்து பக்கவாட்டில் திருப்பித் துளைக்கப்பட்ட வேறொரு துளை. நான் இழந்த வாரம் இந்த ஓர் எழுத்தால்தான்.

3. இரகசியக் காலத்தைக் கணக்கிடுங்கள்

தேடல் கிணற்றின் தரவு, துளையிடல் முடிந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் வரை வெளியிடப்படாது. வயலின் எல்லையை அறியத் துளையிடும் கிணற்றுக்கு இது 90 நாள். உற்பத்திக் கிணற்றுக்கு 60 நாள். இந்தக் குறுகிய காலங்கள், அந்தக் கண்டுபிடிப்புக்குரிய தேடல் கிணற்றின் இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தால் மட்டுமே பொருந்தும். நில அதிர்வு அளவைகளுக்கு (அதிர்வலைகளை அனுப்பிக் கடலடிப் பாறை அமைப்பைப் படம்பிடிப்பவை) காலம் இன்னும் நீளம். அளவை யாருக்காக எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அது மாறுவதால், குறிப்பிட்ட அளவையின் எண்ணைச் சொல்லித் தகவல் பிரிவிடம் எழுத்து மூலம் கேட்டுவிடுவதே நல்லது.

காலம் முடிந்ததும் எல்லாமே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். வெளியாவது கிணற்றுத் தரவு: லாக் பதிவுகள், கோர் அளவீடுகள், கிணற்று வரலாற்று அறிக்கை போன்றவை. நிறுவனம் தன் பயன்பாட்டுக்காக உருவாக்கிய முப்பரிமாணத் தேக்க மாதிரிகளும் பாய்வுக் கணிப்புகளும் நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கும். உங்கள் ஆய்வு அவற்றை நம்பியிருந்தால், அடுத்த படி உங்களுக்கு மிக முக்கியம்.

4. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

உதவித்தொகையின் அளவை மட்டும் கேட்டுவிட்டு, அது யாருடைய பணம் என்று கேட்காமல் கையெழுத்திடுவது நம் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம். எண்ணெய் நிறுவனத்தின் பங்களிப்பு அதில் இருந்தால், அதனுடன் பெரும்பாலும் ஓர் இரகசிய ஒப்பந்தமும் வரும். அது தவறன்று, வெளியில் கிடைக்காத தரவு அதனால் கிடைக்கும். ஆனால் மூன்று செய்திகளை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். ஆய்வேட்டை வெளியிடுவதற்கு முன் நிறுவனம் எத்தனை நாள் வைத்துப் பார்க்கலாம்? வரைபடங்களில் ஆயத்தொலைவுகளையும் ஆழங்களையும் காட்டலாமா? மாநாட்டுச் சுருக்கத்தை அனுப்புவதற்கும் முன் அனுமதி வேண்டுமா?

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. சுருக்கத்துக்கான கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்பு அனுமதி கேட்டு அனுப்பினேன். பதில் வரும்போது மாநாட்டின் நிகழ்ச்சி நிரலே வெளியாகிவிட்டது. பார்வையிட 30 நாள் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அது உங்கள் ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளுக்கும் பொருந்தும். அந்தப் பருவத்துக்கான கட்டணத்தை இன்னொரு முறை கட்ட நேராமல் இருக்க, அந்த நாள்களைப் பின்னோக்கி எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

5. பயண ஆவணங்கள்

இதைப் பற்றி எழுதியவர்கள் பலர் என்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். படிப்பு அனுமதிக்கான விண்ணப்பக் கட்டணம் 150 கனடா டாலர்; விரல்ரேகைப் பதிவுக்கு 85 டாலர். கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, தனியாக வருபவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை 2025 செப்டம்பர் முதல் 22,895 டாலர். இது ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும் நாளில் மீண்டும் பாருங்கள். நெறியாளரின் உதவித்தொகைக் கடிதத்தையும் நிதிச் சான்றுடன் இணையுங்கள். தமிழில் மட்டும் உள்ள பிறப்புச் சான்றிதழோ பிற சான்றோ இணைப்பதாக இருந்தால், முறையான மொழிபெயர்ப்பும் அதற்குரிய உறுதிமொழியும் தேவை. வீட்டில் ஒருவர் மொழிபெயர்த்துத் தருவது செல்லாது.

பலர் என்னிடம் கேட்கும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுக்காக நீங்கள் கடலுக்குள் போக வேண்டியதில்லை. மேடைக்குப் போக, கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து நீருக்கடியில் வெளியேறும் பயிற்சி உள்ளிட்ட உயிர்காப்புப் பயிற்சி கட்டாயம். அதற்குப் பணமும் நாள்களும் செலவாகும். நெறியாளர் குறிப்பிட்டுக் கேட்டாலொழிய அதில் சேர வேண்டாம். உங்கள் வேலை முழுவதும் கிடங்கிலும் ஆய்வகத்திலும் கணினியிலும்தான்.

6. கோர் கிடங்கில் முதல் நாள்

நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பகுதியின் கோர்களும், துளையிடும்போது மேலே வரும் பாறைத் துணுக்குகளும் செயின்ட் ஜான்ஸ் நகரிலேயே, ஒழுங்குமுறை அமைப்பின் கிடங்கில் உள்ளன. இந்த ஊரில் படிப்பதன் பெரிய வசதி இதுதான். ஆனால் நினைத்தவுடன் போய் நிற்க முடியாது; முன்பதிவு செய்ய வேண்டும். எந்தக் கிணறு, எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை, எத்தனை நாள் என்று குறிப்பிட்டால்தான் பெட்டிகளை எடுத்து மேசையில் பரப்பி வைப்பார்கள். முன்பதிவு செய்யும்போதே பாதுகாப்புக் காலணி வேண்டுமா, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டுவரலாமா, ஒளிப்படம் எடுக்கலாமா என்று மூன்றையும் கேளுங்கள். கடைசி இரண்டையும் கேட்காமல் போனால் பாதி வேலையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மணல் அளவு ஒப்பீட்டு அட்டை, அளவுகோல், தண்ணீர்த் தெளிப்பான், மெல்லிய துணி, பென்சில், முன்கூட்டியே அச்சிட்ட பதிவுத் தாள்கள். நீரால் நனைத்த பாறையில்தான் படிவ அமைப்பு தெளிவாகத் தெரியும்.

பெட்டியில் நீங்கள் காண்பது முழு உருளையாக இருக்காது. நீளவாக்கில் அறுக்கப்பட்ட தட்டையான துண்டுகளாக இருக்கும். அவற்றின் முதுகில் சிவப்பு, கறுப்பு என இரண்டு கோடுகள் ஓடலாம். கோரை மேல்நோக்கி நிறுத்தினால் சிவப்பு வலப்புறம் வர வேண்டும் என்பது தொழில் மரபு. ஒவ்வொரு துண்டிலும் இதைச் சரிபாருங்கள். எனக்கு முன் பார்த்த யாரோ அரை மீட்டர்த் துண்டு ஒன்றைத் தலைகீழாக வைத்திருக்க, மேல்நோக்கிப் பருமனாகும் மணலை மேல்நோக்கி நுண்மையாகும் மணல் என்று வரைந்து, கரையோரத்தில் இருந்திருக்க வேண்டிய படிவை ஆற்றுவாய்க்காலாக விளக்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

பென் நெவிஸ் மணற்கல்லைப் பார்ப்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தவறவிடக் கூடாது. ஒன்று, பண்டை உயிரினங்கள் குடைந்த வளைகள். ஓஃபியோமார்ஃபா என்னும் வளையின் சுவர் சிறு உருண்டைகளால் பூசப்பட்டது போல இருக்கும். வெட்டு முகத்தில் கறுத்த வளையமாகத் தெரியும். வளைக்குள் நிரம்பியிருப்பது சுத்தமான மணலா களியா என்பதைப் பொறுத்து, அந்த இடத்தில் ஊடுருவுதிறன் கூடலாம் அல்லது குறையலாம். ஆகவே "உயிர்க்கலக்கம் மிகுதி" என்று மட்டும் எழுதாமல், உள்ளே என்ன நிரம்பியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். மற்றொன்று, கால்சைட்டால் இறுகிய கணுக்கள். பழுப்பு நிற மணலுக்கிடையே வெளிறிய சாம்பல் நிறத்தில், விரலால் தேய்த்தால் ஒரு மணிகூட உதிராத பகுதி அது. ஒரு துளி அமிலத்தில் நுரைக்கும். அது தொடர்ச்சியான அடுக்கா தனிக் கணுவா என்பதைப் பத்து சென்டிமீட்டர் அகலத் துண்டில் முடிவு செய்ய முடியாது. "கோரில் கண்ட தடிமன் இவ்வளவு" என்று மட்டும் குறியுங்கள்.

ஒரு நாளில் 60 மீட்டர் பார்த்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 12 மீட்டரைத் தாண்ட என்னால் முடியவில்லை.

7. மாதிரி விண்ணப்பம்

பார்ப்பதற்கு அனுமதி வேறு, வெட்டி எடுப்பதற்கு அனுமதி வேறு. கோர் திரும்பக் கிடைக்காத பொருள் என்பதால், மாதிரி விண்ணப்பத்தைக் கடுமையாகவே பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. விண்ணப்பத்துடன் நான் இறுதியாக அனுப்பி ஏற்கப்பட்டவை இவை: ஆய்வின் நோக்கம் ஒரு பக்கத்தில், நெறியாளரின் கையெழுத்திட்ட கடிதம், கிணறு, கோர் எண், பெட்டி எண், ஆழம், மாதிரியின் அளவு ஆகிய பத்திகள் கொண்ட பட்டியல், ஒவ்வொரு மாதிரிக்கும் என்ன சோதனை, எந்த ஆய்வகம், ஒவ்வொரு இடத்தின் ஒளிப்படம்.

முதல் முறை அனுப்பியபோது இவற்றில் பெட்டி எண்ணும் ஒளிப்படமும் இல்லை. சில ஆழங்களை அடியிலும் சிலவற்றை மீட்டரிலும் எழுதியிருந்தேன். 1960களிலும் 70களிலும் துளையிடப்பட்ட கிணறுகளின் பதிவுகள் அடியில் இருப்பதால் இது எளிதில் நேரும். விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பி அனுமதி வர மொத்தம் ஒன்பது வாரம் ஆயிற்று.

புதிதாக வெட்டக் கேட்பதற்கு முன், ஏற்கெனவே கிடங்கில் உள்ள தின் செக்‌ஷன்களையும், நிறுவனம் அளவீட்டுக்காக வெட்டி மீந்த பிளக்குகளையும் (கோரிலிருந்து எடுத்த சிறு உருளைத் துண்டுகளையும்) பாருங்கள். என் 54 மாதிரிகளில் 16 இப்படியே தீர்ந்துவிட்டன. மெழுகு பூசியோ உறையிட்டோ பாதுகாக்கப்பட்ட கோரைக் கேட்கவே வேண்டாம். மாதிரியை வேறு மாகாணத்துக்கோ நாட்டுக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால், அந்த ஆய்வகத்தின் பெயரை முதல் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பின்னால் சேர்க்க முயன்றால் இன்னொரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து தேவைப்படும்.

8. ஆழத் திருத்தம்: மாதிரிக்கு முன், பின்பன்று

துளையிடுபவர் குழாய்களை எண்ணி ஆழத்தைக் கணக்கிடுகிறார்; லாக் பதிவு செய்பவர் கம்பியின் நீளத்தை அளக்கிறார். இரண்டும் ஒத்துப்போவதில்லை; சில மீட்டர் வேறுபாடு இயல்பானது. கோர் முதலாவதைப் பின்பற்றும். பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கும் உங்கள் காமாக் கதிர் லாக் இரண்டாவதைப் பின்பற்றும். மேலும், 18 மீட்டர் வெட்டி 15 மீட்டரே மேலே வந்திருந்தால், காணாமற்போன 3 மீட்டரை வழக்கமாகக் கோரின் அடிப்பகுதியில் வைத்துக் கணக்கிடுவார்கள். உண்மையில் அது நடுவிலும் தொலைந்திருக்கலாம்.

கோரின் மீது அளந்த காமாக் கதிர் வரைவை லாக்கின் வரைவோடு பக்கத்தில் வைத்து, களிப்பாறையின் உச்சங்களைப் பொருத்தி, ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியே நகர்வைக் கண்டறியுங்கள். கோர் காமா இல்லையென்றால், இறுகிய கால்சைட் பகுதிகள் உதவும்; அவை அடர்த்தி லாக்கில் கூர்மையான முகடாகவும் ஒலி லாக்கில் வேகமான பகுதியாகவும் தெரியும். நான் இதைச் செய்யாமலே லாக்கைப் பார்த்து மாதிரி ஆழங்களைத் தேர்ந்தேன். நகர்வு 2.6 மீட்டர். நுண்துளை மிகுந்த மணல் என்று எண்ணிக் கேட்ட பதினொரு இடங்களில் ஏழு இறுகிய கால்சைட்டில் விழுந்தன. அவற்றை வைத்து இறுகல் பற்றித் தனி அத்தியாயம் எழுதி ஒருவாறு ஈடுகட்டினேன். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

9. ஆய்வகமும் செலவும்

வெளி ஆய்வகத்தில் தின் செக்‌ஷன் ஒன்றுக்கு எனக்கு 40 டாலருக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. அஞ்சல் செலவு தனி. ஆணையில் மூன்று சொற்களை மறக்காதீர்கள்: நீல எபாக்சி (நிறமூட்டிய பிசின்), 30 மைக்ரான், மூடாத மேற்பரப்பு. நீல எபாக்சி செலுத்தினால்தான் நுண்துளைகள் நீலமாகத் தெரியும். மூடாத மேற்பரப்பு இருந்தால்தான் அதே தகட்டை மின்னணு நுண்ணோக்கியிலும் வைக்க முடியும். என் முதல் தொகுதி நிறமற்ற எபாக்சியுடன் வந்தது. ஆணைத்தாளைத் திரும்பப் பார்த்தபோது, நிறத்தைக் குறிப்பிட நான்தான் மறந்திருந்தேன்.

நுண்ணோக்கி வேலைக்கான நேரத்தை யாரும் சரியாகக் கணக்கிடுவதில்லை. ஒரு தகட்டில் 300 புள்ளிகளில் ஒவ்வொன்றிலும் இருப்பது கனிமமா துளையா என்று பார்த்து எண்ண, கை பழகிய பிறகும் ஒன்றரை மணி நேரம் ஆகும். 40 தகடுகளுக்கு 60 மணி நேரம். மின்னணு நுண்ணோக்கிக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். பல்கலைக்கழக மாணவருக்குரிய விகிதம் குறைவு. அதைப் பெற நெறியாளரின் ஆய்வு நிதிக் கணக்கு எண் வேண்டும். அந்த எண்ணை முதல் மாதமே கேட்டு வாங்குங்கள். எல்லாத் தகடுகளையும் அங்கே கொண்டுபோகாமல், சாதாரண நுண்ணோக்கியில் பார்த்துத் தேர்ந்த எட்டுப் பத்துத் தகடுகளோடு போனால் போதும்.

பழைய ஊடுருவுதிறன் அளவீடுகளைப் பயன்படுத்தும்போது, அவை எந்த அழுத்தத்தில் அளக்கப்பட்டவை என்ற குறிப்பைப் பாருங்கள். சாதாரண அழுத்தத்தில் அளந்ததையும் நிலத்தடி அழுத்தத்தில் அளந்ததையும் ஒரே வரைபடத்தில் கலந்தால், இல்லாத வேறுபாடு ஒன்று தோன்றும்.

10. லாக், நில அதிர்வு, மென்பொருள்

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இதைப் பழகிக்கொள்ளலாம். ஓபன்டெக்ட் மென்பொருளின் அடிப்படைப் பதிப்பு இலவசம். லாக் கோப்புகளைப் படிக்கப் பைத்தான் நிரல்மொழியில் லாசியோவும், நில அதிர்வுக் கோப்புகளுக்கு செக்யோவும் உள்ளன. பயிற்சிக்கு, நெதர்லாந்துக் கடற்பகுதியின் எஃப்3 தரவும், நார்வேயின் வோல்வே வயல் தரவும் போதும். வோல்வேயின் ஏறத்தாழ 40,000 கோப்புகளை ஈக்வினார் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. பயிற்சிக்கு மட்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். எஃப்3 தரவை உலகில் பார்க்காதவர் இல்லை.

பழைய நில அதிர்வுக் கோப்பை ஏற்றும்போது ஆயத்தொலைவுகள் குழப்பமாக வந்தால், முதலில் கோப்பின் தலைப்பிலுள்ள 3,200 பைட் உரைப் பகுதியைப் படியுங்கள். ஆயத்தொலைவு எந்த பைட்டில் தொடங்குகிறது என்பது பெரும்பாலும் அங்கே எழுதப்பட்டிருக்கும். அடுத்து, ஆயத்தொலைவுகள் எந்தப் புவி அளவை அடிப்படையில் (டேட்டம்) கணக்கிடப்பட்டவை என்று பாருங்கள். பழைய பதிவுகள் நாட்27 அடிப்படையிலும் புதியவை நாட்83 அடிப்படையிலும் இருக்கும்; கலந்துவிட்டால் யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) ஆயத்தொலைவுகளில் வடக்கு–தெற்காகச் சுமார் 200 மீட்டர் விலகல் வரும். 48 பாகை மேற்குக் கோட்டில் யூடிஎம் மண்டலம் 22 முடிந்து 23 தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ழான் டார்க் படுகையின் வயல்கள் ஒரு பக்கம், ஃபிளெமிஷ் பாஸ் மறுபக்கம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைப்பவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

லாக்கில் ஒரு எச்சரிக்கை மட்டும். நியூட்ரான் நுண்துளைமை, சுண்ணாம்புக்கல்லை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்பட்டதா, மணற்கல்லையா என்று தலைப்பில் பாருங்கள். சுண்ணாம்புக்கல் அடிப்படையிலான எண்ணை மணற்கல்லுக்கு அப்படியே எடுத்தால் நுண்துளைமை குறைவாகத் தெரியும். அதை வாயுவின் அறிகுறி என்று எழுதியவர்களும் உண்டு.

11. நாள்காட்டி

செப்டம்பரில் தொடங்குபவருக்கு நான் சொல்லும் கணக்கு இது. டிசம்பருக்குள் கோர் பட்டியலும் ஆய்வுக் கேள்வியும் முடிந்திருக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை கிடங்கில் கோர் பதிவு. பனிக்காலத்தில் செய்வதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை. பனிப்புயலுக்குக் கிடங்கு மூடப்படும் நாள்களுக்காக ஒரு வாரம் கூடுதலாக ஒதுக்குங்கள். ஆழத் திருத்தத்தை முடித்துக்கொண்டு ஏப்ரலில் மாதிரி விண்ணப்பம். ஜூலைக்குள் மாதிரிகள் கைக்கு வந்தால், தின் செக்‌ஷன்கள் இலையுதிர் காலத்தில் வரும். இரண்டாம் ஆண்டின் ஜனவரிக்குள் எண்ணிக்கையும் நுண்ணோக்கியும் முடிந்தால், எழுதவும் நெறியாளர் திருத்தவும் ஒப்பந்தப்படி நிறுவனம் பார்க்கவும் ஏழெட்டு மாதம் மிஞ்சும். என் அனுபவத்தில் அதில் ஒரு மாதம்கூட உபரியன்று.

ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகும் ஒரு கடமை உண்டு. மாதிரி அனுமதியின் நிபந்தனைப்படி, தின் செக்‌ஷன்களையும் மீந்த பாறைத் துண்டுகளையும் முடிவுகளின் பிரதியையும் கிடங்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தகட்டின் மீதும் கிணற்றுப் பெயரையும், கோர் ஆழம், திருத்திய ஆழம் ஆகிய இரண்டையும் அழியாத மையில் எழுதி, பட்டியலுடன் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கி வையுங்கள்.